பறக்கும் வீரனின் அம்மா

ரிப்பேர் கடையில் பழைய டிவி ஒன்று சூடாகிக் கிளப்பிய தூசி வாடை மூக்கில் ஏறியதும், உத்திரமேரூர் பக்கத்தில் எங்கள் ஊரில் முன்பு இருந்த, பிறகு இடிக்கப்பட்ட பஞ்சாயத்து டிவி ரூமும், அதில் நான் வீணாக்கிய ஞாயிற்றுக்கிழமைகளும் நினைவுக்கு வந்து எரிச்சல் மூட்டின.

அங்கேதான் நானும் என் தோழி அம்சாவும் பறக்கும் வீரன் ஒருவனின் படத்தைப் பார்த்தோம். வீரனின் அம்மாவை வில்லன் தூக்கிக்கொண்டு போவதோடு படம் முடிந்தது. மீதி தொடராக வரும் என்றார்கள். மறுநாளே அம்சாவின் குடும்பம் செங்கல் சூளை வேலைக்குக் கிளம்பியது.

"நீ பாத்து வை. வந்து கேட்டுக்கிறேன்" என்றாள்.

தரையில் விரித்த கோணிச் சாக்கு தொடையில் குத்த, உரம் போடும் முறையையும் கோழி வளர்ப்பையும் புரியாத மொழிச் செய்தியையும் வாரம் தவறாமல் பார்த்துக்கொண்டு காத்திருந்தேன். எடுத்தவர்கள் யாரோ, ஏன் பாதியில் விட்டார்களோ, தொடர் வரவே இல்லை.

மழைக்கு முன்பு அம்சா திரும்பினாள். "வரவே இல்லடி" என்றேன், அழாத குறையாக.

"வராட்டி இன்னா? சூளைல என் தம்பி தெனமும் கேட்டுக்கினே இருந்தான், வீரன் அவங்க அம்மாவ காப்பாத்திட்டானான்னு. காப்பாத்தி வூட்டுக்கு இட்டுக்கினு வந்துட்டான்னு சொல்லிட்டேன். நீ போயி மாத்திச் சொல்லிடாத."