பெர்த்தில் ஒரு கோல்கீப்பர்

ரகுநாதனுக்கு ஹாக்கி தெரியாது. விருதுநகரில் படித்த காலத்திலும் சரி, செகந்திராபாத்தைத் தாண்டியிருந்த பட்டான்செரு மருந்துக் கம்பெனிக்கு வேலைக்கு வந்த பிறகும் சரி, ஹாக்கி மட்டையைத் தொட்டுக்கூடப் பார்த்ததில்லை. ஐம்பதை நெருங்கும் வயதில் பெனால்டி கார்னர் என்றால் என்னவென்று அவர் தேடிப் படித்ததற்கு ஒரே காரணம், ஆஸ்திரேலியாவில் பெர்த் நகரத்திலிருக்கும் மகள் அக்ஷதா.

மனைவி கல்பகத்துக்கும் அவருக்கும் விவாகரத்தாகிச் சில வருஷங்கள் ஆகியிருந்தன. கல்பகம் வேலை கிடைத்துப் பெர்த்துக்குப் போனபோது ஒன்பது வயது அக்ஷதாவும் கூடப் போனாள். அதன்பின் சண்டைகள் அடங்கின. அவற்றோடு பேச்சும் அடங்கிப்போனது. பிறந்தநாளுக்கும் தீபாவளிக்கும் மகளுக்கு மட்டும் போன் செய்வார். இவர் சாப்பிட்டியா, ஸ்கூல் எப்படி என்று கேட்க, "ஃபைன்ப்பா", "ஓகேப்பா" என்று பதில் வரும். இந்த வருஷப் பிறந்தநாளில், இருவருக்கும் கேட்க எதுவும் இல்லாமல் போன ஒரு நொடியில், அவளாகவே சொன்னாள்:

"அப்பா, ஐ'ம் தி கோல்கீப்பர் நௌ. எங்க மேட்ச் ஆன்லைன்ல வருது."

அன்றைக்கே தேடிப் பிடித்தார். பெண்கள் அணி, சனிக்கிழமை ஆட்டம், அங்கே மதியம் என்றால் இங்கே காலை. அழுத்தினால் கறுப்புக் கட்டத்தில் ஒரே வரி: இந்த வீடியோ உங்கள் பகுதியில் கிடைக்காது.

கம்பெனியில் தரக்கட்டுப்பாட்டுப் பிரிவிலிருந்த பிரசாத்திடம், யாருக்கோ கேட்பதுபோலக் கேட்டார். பிரசாத்தின் குடும்பம் பல தலைமுறைகளாகச் செகந்திராபாத்தில் இருக்கிறது; அவன் தமிழில் அந்த ஊர் உருது கலந்திருக்கும்.

"பிரவுசர்ல ஒரு பிளக்-இன் போட்டா நீங்க வேற நாட்டுல இருக்கற மாதிரி காட்டும் சார். ஆனா ஃப்ரீயா வர்றது நக்கோ, வேணாம். கைக்கு சார், எதுக்கு வம்பு? உள்ள விட்டா வெளிய போகாது."

ரகுநாதன் தலையாட்டிவிட்டு ஃப்ரீயாக வந்ததையே போட்டார். முதலாவது அவரை ஹாலந்துக்காரராக்கியது. பிரவுசர் முழுக்க டச்சு மொழி. கம்பெனிக்குப் பக்கத்தில் ராமச்சந்திராபுரத்து வீட்டில், வெயிலில் உட்கார்ந்திருந்தவருக்கு ஆம்ஸ்டர்டாம் மழையைப் பற்றித் தகவல் வந்தது. ஹாக்கி மட்டும் வரவில்லை. இரண்டாவதைப் போட்டதும் எதைத் திறந்தாலும் ரம்மி விளம்பரம் குதித்தது. மூன்றாவது, விளம்பரத் தடுப்பானை எடு என்றது. எடுத்தால் வீடியோ ஓடுவதற்கு வேறேதோ மென்பொருள் கேட்டது. அதைப் போட்டால் கம்ப்யூட்டரே உறைந்து நின்றது. நைட் ஷிப்ட் முடித்து ஷேர் ஆட்டோவில் வந்து, குளிக்காமல்கூட இந்த மல்லுக்கட்டில் மூன்று சனிக்கிழமைகளைத் தொலைத்தார். அக்ஷதாவிடமே கேட்டிருக்கலாம். கேட்டால் அது கல்பகத்தின் காதுக்குப் போகும். அதை அவர் விரும்பவில்லை.

நாலாவது பிளக்-இன் அவரைப் பெர்த்தில் கொண்டுபோய் நிறுத்தியது. பச்சைத் தரை, யாரோ விசில் ஊதும் சத்தம், மட்டைகளின் டக் டக். ரகுநாதன் நாற்காலியை முன்னே இழுத்துப் போட்டுக்கொண்டார்.

கோல்கீப்பர் ஹெல்மெட்டும் காலில் பெரிய பெரிய கவசங்களுமாக நின்றாள். முகம் தெரியவில்லை. இடுப்பில் கைவைத்து ஒரு காலைச் சாய்த்து நின்ற விதத்தில்தான் அவள் என்று கண்டுகொண்டார். கல்பகம் பஸ்ஸுக்காக அப்படித்தான் நிற்பாள்.

கேமரா பந்தின் பின்னாலேயே ஓடியது. அக்ஷதாவின் அணி நன்றாக ஆடினால் பந்து எதிர்ப்பக்கம் போய்விடும். மகள் திரையிலிருந்து மறைந்துவிடுவாள். எதிரணி பந்தைப் பறித்துக்கொண்டு பாய்ந்து வந்தால்தான் அவள் தெரிவாள். சில வாரங்கள் பார்த்தபின், தான் எதிரணி முன்னேற வேண்டும் என்று ஆசைப்படுவது அவருக்கே புரிந்தது. வெட்கமாக இருந்தது. ஆனாலும் அப்படித்தான் ஆசைப்பட்டார்.

ஜூலையில் ஒரு சனிக்கிழமை அந்த ஆசை பலித்தது. எதிரணிக்கு அடுத்தடுத்துப் பெனால்டி கார்னர், கோலுக்கு நேராக அடிக்கும் வாய்ப்பு. ஒரு பந்து உயர எழும்பி வந்தது. அக்ஷதா பாய்ந்து விழுந்தாள். எழவில்லை. விசில் ஊதினார்கள். பெண்கள் சுற்றி நின்றார்கள், ஒருத்தி குனிந்து ஹெல்மெட்டைக் கழற்றப் போனாள். திரை இருண்டது. இலவச நேரம் முடிந்தது, தொடர்வதற்குத் திட்டத்தைத் தேர்ந்தெடுக்கவும் என்று பிளக்-இன் சொன்னது.

மறுபடி திறந்தார். ஈமெயில் கேட்டது. கொடுத்தார். கடவுச்சொல் கேட்டது. அவசரத்தில் இரண்டு தடவை தப்பாக அடித்தார். கம்ப்யூட்டரைத் தள்ளிவிட்டுக் கல்பகத்துக்கு போன் போட்டார். இரண்டு முறை யாரும் எடுக்கவில்லை.

மூன்றாவது முறை, "சொல்லுங்க, அங்க யாருக்கு என்ன?" என்றாள் கல்பகம்.

"இங்க ஒண்ணுமில்ல. அக்ஷதா எழுந்துட்டாளா?"

மறுமுனையில் மைதானத்துக் கூச்சல் கேட்டது.

"நீங்க எங்க இருக்கீங்க?" அவள் குரலில் பயம் இருந்தது.

"வீட்டுலதான். ராமச்சந்திராபுரத்துல. கம்ப்யூட்டர்ல பாத்துக்கிட்டிருந்தேன், பாதியில நின்னுபோச்சு."

"அது இந்தியாவுல வராதே."

"வர வச்சேன்."

"எப்பலேருந்து?"

"கொஞ்ச வாரமா."

"தோள்ல பட்டிருக்கு. வேற ஒண்ணுமில்ல. பக்கத்துலதான் உக்காந்திருக்கா, பேசுங்க" என்று கல்பகம் போனை மகளிடம் கொடுத்தாள்.

"அப்பா! யூ வேர் வாச்சிங்? ஃபர்ஸ்ட் ஹாஃப்ல என் சேவ் பாத்தீங்களா?"

"இல்லம்மா. அப்ப படம் வராம சுத்திக்கிட்டே இருந்துச்சு."

"ஓ நோ! லிசன்..." என்று அவள் அந்தப் பந்தைத் தடுத்த கதையை ஆரம்பித்தாள். யார் அடித்தது, எந்தக் கால், எப்படிக் கடைசி நொடியில் திரும்பினாள் என்று மூச்சுவிடாமல் சொன்னாள். வேகமான அந்த ஆங்கிலத்தில் அவருக்குப் பாதிதான் பிடிபட்டது. நடுவில் எதுவும் கேட்டு அவளை நிறுத்திவிடக் கூடாதென்று "ம்ம்", "ம்ம்" என்று மட்டும் சொன்னார்.

பிறகு கல்பகம் போனை வாங்கி, "ஐஸ் வைக்கணும், போனை வச்சிடறேன்" என்றாள். வைப்பதற்கு முன், "கண்டதையும் கம்ப்யூட்டர்ல போடாதீங்க. முடிஞ்சா நான் எடுத்து அனுப்பறேன்" என்றாள்.

பிளக்-இன் எல்லாவற்றையும் ஒவ்வொன்றாக நீக்கினார். ரம்மி விளம்பரம் மட்டும் போகவில்லை. பிரசாத் வந்துதான் அதைத் துடைத்தெறிந்தான்.

கல்பகம் அனுப்பவும் செய்தாள். ஒரு வாரம் இரண்டு நிமிட வீடியோ, கோலுக்குப் பின்னாலிருந்து எடுத்தது. இன்னொரு வாரம் வெறும் ஸ்கோர். அடுத்த சனிக்கிழமை மதியம்வரை எதுவும் வரவில்லை. ரகுநாதன் சாதத்தை வடித்து வைத்துவிட்டுப் போனையே பார்த்துக்கொண்டிருந்தார். ஒருவழியாக, "இன்னைக்கு மேட்ச் இருந்துச்சா?" என்று அனுப்பினார்.

சாயங்காலம் பதில் வந்தது. "மழை. ஆடல."

"சரி" என்று அடித்து அனுப்பிவிட்டு, ஆறிப்போன சாதத்தைத் தட்டில் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார்.