பொன்னாடை போர்த்திவிட்டுச் சிரித்தோம்

“படம்தானே” என்று யாராவது சொன்னால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். எங்கள் ஊர்ச் சங்கத் தலைவர் அதைத்தான் சொன்னார். அன்றைக்கு மண்டபத்தில் நான் போட்ட சத்தம், எங்கள் ஆட்கள் குடியிருக்கும் டொலார்ட் பக்கத்தில் இன்னும் பேச்சாக இருக்கிறதாம். இருக்கட்டும், எனக்கென்ன.

யாருக்காகச் சத்தம் போட்டேன் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். சென்ட் லோரன்டில் மாத்திரைகளைப் பெட்டியில் அடைக்கும் தொழிற்சாலையில் எனக்குப் பக்கத்தில் நின்று வேலை செய்பவள் ஒரு சீனப் பெண். ஒன்பது வருடமாக ஒரே மேசை. இரண்டு பேருக்கும் பொதுவாக இருப்பது, இந்த நாட்டுக்கு வந்த புதிதில் ஒரே வகுப்பில் படித்த அரைகுறைப் பிரெஞ்சு. என்னிடமிருந்து அவள் பிடித்துக்கொண்ட ஒரே தமிழ்ச் சொல் “அக்கா”. என்னைப் பெயர் சொல்லி அழைத்ததே இல்லை.

ஒருமுறை வேலையிடத்துக் கிறிஸ்மஸ் விருந்தில், வெள்ளைக்கார மேற்பார்வையாளன் குடித்துவிட்டு எங்கள் ஆட்கள் கதைப்பதைப் போலக் கதைத்துக் காட்டினான். தலையை ஆட்டி, நாக்கை உருட்டி. எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். எங்கள் ஆட்களும் பல்லைக் காட்டினார்கள், வேறு என்ன செய்வது. அவள் ஒருத்திதான் சாப்பாட்டுத் தட்டைக் கீழே வைத்துவிட்டு அவன் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். அவன் நிறுத்தும்வரைக்கும் பார்த்தாள். அந்தப் பார்வையை நான் சாகும்வரை மறக்க மாட்டேன்.

போன மாரியில், குடும்பங்கள் ஒன்றுகூட ஒரு படம் போடுவோம் என்று சங்கத்தில் யோசித்தார்கள். எனக்கு உடனே அவள் அடிக்கடி சொல்லும் சீனப் படம் நினைவுக்கு வந்தது. பழைய காலத்து ஆள் ஒருவரின் கதை. எலும்பு முறிவு கட்டும் வைத்தியர், பெரிய சண்டைக்காரர். அவளுடைய ஊர்ப்பக்கம் அவரைக் கும்பிடாத குறை. அவளுடைய அப்பாவும் முறிவு கட்டுகிறவர்தான். கடை வாசலுக்கு மேலே அந்த வீரரின் படத்தை மாட்டி வைத்திருந்தாராம். இந்தப் படத்தைப் போடுவோம், அவளையும் கூப்பிடுவோம் என்றேன்.

“நல்ல விசயம், பிள்ளை. தமிழிலயே இருக்கு, நான் எடுத்து வாறன்” என்றார் தலைவர். தமிழில் இருக்கிறது என்றதும் நானும் மகிழ்ந்து போனேன். முன்னமே போட்டுப் பார்க்க வேண்டும் என்ற புத்தி ஒருவருக்கும் வரவில்லை. எனக்கும்தான்.

ஞாயிறு மத்தியானம், கொட்டும் பனியில் இரண்டு பஸ் மாறி வந்தாள். நல்ல உடுப்பு, கையில் ஒரு பெட்டி தோடம்பழம். எங்கள் ஆட்களுக்கு விழா என்றால் விளக்கேற்ற வேண்டும், ஒரு நிமிடம் மௌனமாக நிற்க வேண்டும், யாரையாவது பிடித்துப் பொன்னாடை போர்த்த வேண்டும். மூன்றும் நடந்தது. சிவப்புப் பொன்னாடை. “எங்கள் சீனச் சகோதரி” என்று தலைவர் முழங்க, மண்டபம் கை தட்டியது. அவள் கண் கலங்கிவிட்டாள். பொன்னாடையைக் கழற்றாமலே என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

படம் தொடங்கிய ஐந்தாவது நிமிடமே எனக்கு விளங்கிவிட்டது. எவனோ அந்தப் படத்துக்குப் பகிடிக்கென்றே தமிழில் குரல் கொடுத்து வைத்திருக்கிறான். வில்லன் வடிவேலாட்டம் புலம்புகிறான் என்று பின்வரிசையில் ஒருவர் கூவினார். செத்த வீட்டுக் காட்சிக்கும் சிரிப்பு. அவள் திரும்பித் திரும்பிப் பார்த்தாள். நான் ஒன்றும் தெரியாதவள் மாதிரித் திரையையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

பிறகு அந்தக் காட்சி வந்தது. வீரர் ஒரு ஏழைக்குக் கால் முறிவு கட்டிக்கொண்டிருக்கிறார், எதிரிகள் கத்தியோடு கடைக்குள் வருகிறார்கள். அவள் என் கையைப் பிடித்து, “இப்போது சொல்வார், அக்கா” என்றாள். “கட்டி முடிக்கும்வரை சண்டை இல்லை” என்று அவர் சொல்ல வேண்டும். அவசரப்படுத்துகிறவர்களிடம் அவளுடைய அப்பாவும் அதையே சொல்வாராம். மேசையில் நிற்கும்போது எத்தனை தரம் எனக்குச் சொல்லியிருக்கிறாள்!

வீரர் தலையை நிமிர்த்தினார். “பரோட்டாவுக்கு மாவு பிசைஞ்சுகினு கீறேன், அடுத்த உருண்டை நீதான்டா!”

மண்டபம் அதிர்ந்தது. நானும் சிரித்துவிட்டேன். வாயை மூடுவதற்குள் வந்துவிட்டது. அவள் கை என் கைக்குள் அப்படியே இருந்தது. கொஞ்ச நேரத்தில் மெல்ல எடுத்துக்கொண்டாள்.

படம் முடிந்து தலைவர் மைக்கைப் பிடித்தார். “கடும் பகிடி, என்ன? எங்கட சீனச் சகோதரிக்கும் நல்லாப் பிடிச்சிருக்கும்.”

போய் மைக்கைப் பறித்தேன். “உங்களுக்கு வெக்கமா இல்லையோ? பொன்னாடையைப் போத்திப்போட்டு, அவளின்ர சாமியைக் குரங்கா ஆட்டிக் காட்டுறியள்! எங்கட வீரர் ஒருத்தரைப் படமா எடுத்து, சீனாக்காரர் இப்பிடிக் கதைக்க வைச்சுச் சிரிச்சால் இருப்பியளோ? கொடி பிடிச்சுக்கொண்டு தெருவுக்கு இறங்க மாட்டியளோ?”

“பிள்ளை, படம்தானே...”

“படம்தானோ? எங்களைப்போலக் கதைச்சுக் காட்டி வெள்ளைக்காரன் சிரிக்கேக்க உங்களுக்குக் கொதிக்குதெல்லோ? என்ர வேலையிடத்தில அண்டைக்கு எனக்காகச் சிரிக்காமல் நிண்டவள் இவள் ஒருத்திதான். இண்டைக்கு நீங்கள் எல்லாரும் சிரிச்சனியள். வாய் கிழியச் சிரிச்சனியள்!”

 ஒருவர் தலை குனிந்தார், ஒரு பெண் கண்ணைத் துடைத்தாள். நல்லாக் கொடுத்தேன் என்ற திருப்தியோடு அவளிடம் போனேன். ஒரு சொல்லும் விளங்காமல் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“என்ன சொன்னாய்?” என்று பிரெஞ்சில் கேட்டாள்.

“ஏன் சிரித்தீர்கள் என்று எல்லோரையும் கேட்டேன்.”

அவள் பொன்னாடையைத் தோளிலிருந்து எடுத்து, கரை பார்த்து மடித்து, தோடம்பழப் பெட்டிக்கு மேல் வைத்தாள். கோபமாகவும் இல்லை, அழவும் இல்லை.

“நீ ஏன் சிரித்தாய் என்று சொன்னாயா, அக்கா?”

மைக் இன்னும் என் கையில்தான் இருந்தது.