மேல்தளத்தில் அடுப்பு மூட்டிய கப்பல்

அஜ்மானில் எங்கள் வீட்டில் ஒரு வாரமாகப் பேச்சு மாஃபி; அரபியில் 'இல்லை'. அப்பாவின் கம்பெனியில் வாடகைப் படியைக் குறைத்துவிட்டார்கள். என்னையும் அம்மாவையும் திருச்சிக்கு அனுப்பிவிட்டு, ஜெபல் அலியில் கம்பெனி ஆட்கள் தங்கும் கேம்பில் தனியாகத் தங்குவதாக அப்பா முடிவெடுத்தார். அம்மா மௌனவிரதம் எடுத்தார். எனவே ஈத் லீவில், "அம்மா கூப்பிடுறாங்க" என்று அப்பாவிடமும், "அப்பா கூப்பிடுறார்" என்று அம்மாவிடமும் சொல்லி, இருவரையும் ஷார்ஜாவில் ஒரு கப்பல் அருங்காட்சியகத்துக்குக் கிளப்பினேன்.

டாக்ஸியில் அரை மணி நேரம், முப்பது திர்ஹம். பாதி வழியில் குட்டு உடைந்தது.

"நீதானே கப்பல் பாக்கணும்னே?" என்றார் அப்பா.

"நானா? நீங்க சொன்னீங்கன்னுல்ல இவன் சொன்னான்!"

இருவரும் சேர்ந்து என்னை முறைத்தார்கள். ஒரு வாரத்தில் ஒற்றுமையாகச் செய்த முதல் காரியம்.

அங்கே கண்ணாடிப் பெட்டிக்குள் பத்தொன்பதாம் நூற்றாண்டு இரும்பு நீராவிக் கப்பலின் மாதிரி. பம்பாயிலிருந்து கராச்சி, மஸ்கட் வழியாக பஸ்ரா வரை தபாலும் ஆட்களும் ஏற்றிப்போன வகை. புகைபோக்கி இருந்தும் பாய்மரம் வைத்திருந்தார்கள். என்ஜின் மக்கர் செய்தால் காற்றுதான் கதி. அறைகள் துரைமார்களுக்கு. மற்றவர்களுக்குத் திறந்த மேல்தளம், சொந்தப் படுக்கை, சொந்தச் சமையல். அங்கே நகத்தளவு பொம்மைகள்: ஓர் ஆண், ஒரு பெண், ஒரு பிள்ளை, நடுவில் அடுப்பு.

அம்மா அதையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"தலைக்கு மேல கூரைகூட இல்ல. அந்தாளு பொண்டாட்டி புள்ளைய பம்பாயிலயே விட்டுட்டா வந்தாரு?"

"அது கொஞ்ச நாள் பயணம்," என்றார் அப்பா.

"நீங்க கேம்ப்ல எத்தன வருஷம் இருப்பீங்க? ஷேரிங்ல ஒரு ரூம் எடுங்க. இன்னொரு குடும்பத்தோட கிச்சன் பங்கு போட்டுக்கிறேன்."

"உனக்குக் கஷ்டம்டி."

"அத நான்ல சொல்லணும்?"

அப்பா கைக்குட்டையை எடுத்து அந்தக் கண்ணாடிப் பெட்டியைத் துடைத்தார். அது சுத்தமாகத்தான் இருந்தது. "கலாஸ், பேச்சு முடிஞ்சது," என்றார் கடைசியில். "நாளைக்கே ரூம் பாக்கலாம்."

போகிறவர்களுக்கு: வெள்ளிக்கிழமை திறக்கும் நேரத்தை முன்கூட்டியே விசாரியுங்கள். தயிர்சாதத்தை உள்ளே விடமாட்டார்கள். வெளியே புல்வெளியில் உட்கார்ந்து சாப்பிடலாம். பெற்றோரோடு போனால், திரும்பும்போது டாக்ஸியில் முன்சீட்டைப் பிடித்துக்கொள்ளுங்கள். ஒரே அறைக்குள் கட்டிலைப் போடுவதா, பீரோவை வைப்பதா என்று பின்சீட்டில் அஜ்மான் வரும்வரை சண்டை. எனக்குப் பயங்கரத் தூக்கம். ஆனாலும் ஒரு வார்த்தையைக்கூட விடாமல் கேட்டுக்கொண்டு வந்தேன்.