ஒரு அடி என்றால் நலம்

இது நடந்தது. நம்ப முடியாதவர்கள் நம்ப வேண்டாம். நான் கல்லூரியில் சொன்ன பொய்களெல்லாம் இதைவிட நம்பும்படி இருந்தவை.

தொற்று பரவிய சமயம். காய்ச்சல் வந்தவர்களை வைக்க இடமில்லாமல், ஆற்றின் நடுவே ஒரு திட்டில் இருந்த பள்ளிக்கூடத்தில் என்னைத் தனியாக விட்டிருந்தார்கள். எனக்கு நீச்சல் தெரியாது. போனுக்கு சிக்னல் கிடையாது. ஆஸ்பத்திரி படகில் அரைநாள் தூரம். எங்கள் பக்கம் அரசாங்கம் என்று இருந்தது மளிகைக்கடை அண்ணனின் படகும் தையல்கார அக்காவின் தொண்டையும்தான்.

பொழுது சாயும்போது வருவார்கள். சாப்பாட்டுப் பையைப் படியில் வைத்துவிட்டு, படகைத் தள்ளி நிறுத்தி, அக்கா தட்டை அடிப்பாள். பதிலுக்கு நான் என் தட்டை ஒரு முறை அடித்தால், நலம். விடாமல் அடித்தால், வந்து தூக்கிக்கொண்டு போங்கள்.

"உயிரோட இருக்கியாடா?"

டங்.

"அப்ப நாளைக்கும் சோறு உண்டு."

ஒருநாள் நான் அடித்து முடித்த பிறகு, பூட்டிக் கிடந்த பக்கத்து வகுப்பிலிருந்து இன்னொரு டங். எதிரொலி என்று நினைத்தேன். ஆனால் எதிரொலிக்கு ஒரு அவசரம் இருக்கும். இது யோசித்துவிட்டு அடித்தது.

மறுநாள் நான் தட்டை எடுக்கும் முன்பே பதில் போய்விட்டது. வேலை மிச்சம் என்று படுத்துவிட்டேன்.

அதற்கடுத்த நாள் எனக்கு மூச்சு வாங்கியது. எழ முடியவில்லை. தட்டை மடியில் வைத்துக்கொண்டு படகுக்காகக் காத்திருந்தேன்.

மோட்டார் சத்தம். அக்காவின் தட்டு. கையை ஓங்கினேன்...

டங்.

என் கை இன்னும் காற்றில்தான் இருந்தது.

"நல்லாத்தான் இருக்கான். விடுண்ணே."

விடாமல் அடித்தேன். விரலில் வலுவில்லை. சத்தம் அறையைத் தாண்டவில்லை. கத்தினேன். வெறும் காற்று வந்தது.

டங்... நிதானமாக. இந்த முறை என் காதருகே.

படகு திரும்பியது.

ஜன்னல்வரை தவழ்ந்தேன். தட்டை ஆற்றில் வீசினேன்.

"டேய், பொதுச் சொத்துடா அது" என்றார் அண்ணன். படகு நின்றது.

தட்டு மூழ்கியது.

டங்.

அது அவர்களுக்கும் கேட்டது. அண்ணன் படியேறி ஓடி வந்து என்னைத் தோளில் போட்டுக்கொண்டார். பக்கத்து வகுப்பை மட்டும் அவர் திரும்பிப் பார்க்கவில்லை.

கரை தெரிந்த பிறகுதான் அக்கா வாய் திறந்தாள்.

"உனக்கு முன்னாடி அங்க ஒரு தச்சர் இருந்தார். கூச்சக்காரர். யாருக்கும் தொந்தரவு வேணாம்னு எப்பவும் ஒரே அடிதான். படியில பைங்க எடுக்காமயே கிடக்குதேன்னு உள்ள போய்ப் பார்த்தோம். செத்து மூணு நாள் ஆச்சுன்னார் டாக்டர்."

"அப்ப தட்டு சத்தம் வரலைன்னு அப்பவே போயிருக்கலாமே அக்கா?"

"எப்படிடா போறது? மூணு நாளும் பதில் வந்துச்சே."