ராத்தா செய்த யானை

ஹஸீனா ராத்தா, நீ கோபித்தாலும் பரவாயில்லை, அந்த யானைக் கதையை இன்றைக்கு எல்லோருக்கும் சொல்லப் போகிறேன். நீ இருந்திருந்தால், "அத ஏன் புள்ள இப்ப" என்று பேச்சை மாற்றியிருப்பாய். நீ மௌத்தாகி நாற்பது நாள் ஆகிறது. இனி மாற்ற ஆளில்லை.

ராத்தா என் அக்கா, எனக்கு ஏழு வயது மூத்தவள். எங்கள் வீடு மருதமுனையில், பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் குறுகின ஒழுங்கையில். உம்மா தறியில் சாரன் நெய்தாள். நான் சாப்பிட அடம்பிடித்தால் ராத்தா கடதாசிக் கூழில் செய்த நண்டையும் காகத்தையும் விரலில் மாட்டிக்கொண்டு வருவாள். நண்டும் காகமும் என் கோப்பைச் சோற்றுக்குச் சண்டை பிடிக்கும். அவை தின்றுவிடும் என்று பயந்து நான் தின்றுவிடுவேன். அந்த அளவுக்கு உயிரோடு செய்வாள்.

நான் மூன்றாம் வகுப்பில் இருந்தபோது கலை விழா வந்தது. வயலுக்குள் யானை இறங்குகிற நாடகம். யானை நான். வியாழக்கிழமைக்குள் முகமூடி கொண்டு வராவிட்டால் வேறு பிள்ளைக்குக் கொடுத்துவிடுவதாக டீச்சர் சொல்லிவிட்டார். அந்த வேறு பிள்ளையின் வாப்பா கல்முனையில் கடை வைத்திருந்தார். வீடுவரை அழுதுகொண்டே வந்தேன்.

"யானதானே," என்றாள் ராத்தா. "அழாத. நாம செய்வம்."

பழைய கொப்பிகளைக் கிழித்துப் பிளாஸ்டிக் பேசினில் தண்ணீர் விட்டு ஊறவைத்தாள். அடுத்த நாள் பிழிந்து, உம்மா நூலுக்குப் போடக் காய்ச்சிய கஞ்சியை ஊற்றிப் பிசைந்தாள். சோத்துச் சட்டியைக் கவிழ்த்து எண்ணெய் பூசி, அதன்மேல் அப்பினாள். வீட்டில் உருவம் செய்யலாமா என்று உம்மா முகம் சுளித்தாள்.

"இதுக்குக் கண்ணே இல்ல உம்மா, ஓட்டதான். கண் இவட கண்."

உம்மாவுக்கே சிரிப்பு வந்துவிட்டது.

தலையும் காதும் முடிந்தன. தும்பிக்கைக்குக் கடதாசி போதவில்லை. ராத்தாவின் இரண்டு கையிலும் கூழ். கடதாசி எடுத்துவரும்படி என்னிடம் சொன்னாள். தேடினேன். சுவரில் உயர ஒரு துணிப்பை தொங்கியது. பெஞ்சில் ஏறி இறக்கினேன். நிறையக் கடதாசி. ராத்தா மெச்ச வேண்டும் என்ற அவசரத்தில், என்ன என்று பார்க்காமலே கிழித்துப் பேசின் தண்ணீருக்குள் போட்டேன்.

எங்கள் வீடுகளில் அல்லாஹ்வுடைய பெயர் எழுதிய கடதாசியைக் குப்பையில் போடமாட்டோம். கிழிந்த குர்ஆன் தாள், பிஸ்மி போட்ட கல்யாணக் கார்ட், நோன்புக் கலண்டர் எல்லாவற்றையும் ஒரு பையில் உயரத் தொங்கவிட்டு, நிறைந்ததும் மண்ணில் புதைப்போம், அல்லது கடலில் விடுவோம். நான் கிழித்தது அந்தப் பையில் இருந்தவற்றை.

பேசினுக்குள் கையை விட்ட ராத்தா அப்படியே நின்றாள். விரலில் ஒரு துண்டு ஒட்டியிருந்தது. அதில் அரபு எழுத்து. அல்லாஹ் என்னை நெருப்பில் போடுவானா என்று கேட்டேன்.

"தெரியாமச் செஞ்சதுக்குப் போடமாட்டான். மூக்கத் தொடச்சிக்க."

அதற்குள் உம்மா வந்துவிட்டாள். வெறும் பையைப் பார்த்தாள், பேசினைப் பார்த்தாள். நான் வாயைத் திறக்குமுன் ராத்தா சொன்னாள்.

"நான்தான் உம்மா எடுத்த. பாக்காம எடுத்துட்டன்."

அதுவரை உம்மா ராத்தாவுக்கு அடித்து நான் கண்டதில்லை. அன்றைக்கு இரண்டு அடி விழுந்தது. ஓதின பிள்ளை செய்கிற வேலையா என்று கேட்டாள். கலை விழாவுக்கு நீ போகவே கூடாது, வீட்டில் இரு என்றாள். ராத்தா அழவில்லை. அடி எனக்கு விழவில்லையே என்றுதான் நினைத்தேன்.

பின்னேரம் அஸர் தொழுதுவிட்டுப் பேசினைக் கடலுக்குத் தூக்கிக்கொண்டு போனோம். ராத்தா முழங்கால் தண்ணீரில் இறங்கி, பிஸ்மி சொல்லி, மெதுவாக ஊற்றினாள். பேசினை மூன்று தரம் அலசினாள். ஒரு துண்டும் ஒட்டியிருக்கவில்லை.

வீட்டுக்கு வந்தால் தும்பிக்கை இல்லாத யானை எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தது. விடிந்தால் வியாழன். ராத்தா தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டாள். உம்மா தறியிலிருந்து எழும்பினாள். நூல் சுற்றி வருகிற வெறும் மட்டைக் கூம்புகள் தறிக்குக் கீழே குவிந்து கிடந்தன. அவற்றைக் காலால் ராத்தாவின் பக்கம் தள்ளிவிட்டுக் குசினிக்குப் போனாள்.

ராத்தாவுக்கு அது போதும். கூம்புக்குள் கூம்பாக ஒன்பதைச் செருகி, உள்ளே நூல் கோர்த்து, நுனியை என் கையில் தந்தாள். நூலை இழுத்தால் தும்பிக்கை தூக்கியது. விட்டால் ஆடியது. கல்முனைக் கடைகளில் அப்படி ஒரு யானை இல்லை, இன்றைக்கும் இல்லை, நான் பார்த்துவிட்டேன்.

ராத்தாவைப் போகவிடும்படி நான் உம்மாவிடம் கேட்கவில்லை. சொன்ன சொல்லை மாற்றுகிறவள் இல்லை உம்மா. உண்மையைச் சொல்லியிருந்தால் மாற்றியிருப்பாள்.

கலை விழா அன்று மேடையில் நான் தும்பிக்கையைத் தூக்கியதும் சபை சிரித்துக் கை தட்டியது. வயல்காரனாக நடித்த பிள்ளை பயந்து உண்மையாகவே ஓடிவிட்டாள். பள்ளிக்கூட அதிபர் மைக்கோடு என்னிடம் வந்தார்.

"இத யாரு மகள் செஞ்ச?"

"நான்தான்."

ஏன் சொன்னேன் என்று தெரியாது. கை தட்டல் இனிப்பாக இருந்தது. பரிசாகத் தண்ணீர்ப் போத்தல் ஒன்று தந்தார்கள்.

ராத்தா வீட்டு வாசலில், கடப்படியில் நின்றாள். "தும்பிக்க நல்லாத் தூக்கிச்சா?" என்று மட்டும் கேட்டாள். ஓம் என்றேன். போத்தலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். அவளுக்குத் தெரியாது, தப்பிவிட்டேன் என்று நினைத்தேன்.

அதற்கு மறுகா வந்த வருஷங்களில் அந்த ஒழுங்கையில் எத்தனை பிள்ளைகளுக்கு மயிலும் மானும் செய்து கொடுத்தாள். பாலர் பாடசாலைக்காரர்கள் வீடு தேடி வந்தார்கள். எல்லோரிடமும், "இவவும் உதவி செஞ்சா" என்று என்னைக் காட்டுவாள். போன மாதம் அவளுக்கு டெங்கு வந்தது. ஆறு நாள்தான்.

ஜனாஸா போன பிறகு உம்மாவிடம் பை எடுத்தது நான்தான் என்று சொன்னேன். உம்மா "கலை விழா ஸ்பீக்கர் சத்தம் இந்த ஒழுங்கை முழுக்கக் கேட்டிச்சு மகள்" என்றாள். நான் மைக்கில் சொன்னதை இரண்டு பேரும் வாசலில் நின்று கேட்டிருக்கிறார்கள். உம்மா ஏச எழும்பியிருக்கிறாள். ராத்தா அவள் கையைப் பிடித்து, "உடுங்க உம்மா, அவக்குக் கை தட்டுறாங்க" என்று சொல்லியிருக்கிறாள்.

எட்டு வயதில் எனக்கு இது ஒன்றும் தெரியாது.

அந்த யானையை நான் செய்யவில்லை. செய்தது எங்கள் ஹஸீனா ராத்தா. இதை வாசிக்கிற ஒவ்வொருவரும் அவள் பெயரைச் சொல்லி, அவள் அடங்கியிருக்கிற கப்றை அல்லாஹ் வெளிச்சமாக்கி வைக்க ஒரு துஆச் செய்யுங்கள்.