எங்கள் மாடியில் மட்டும் பெய்த மழை

காதில் பூ சுற்றுகிறாள் என்று நினைப்பவர்கள் இப்போதே பக்கத்தைப் புரட்டிக்கொண்டு போகலாம். நான் தடுக்கமாட்டேன். ஆனால் இது நடந்தது. போன மாதம், என் சொந்த மாடியில், என் இரண்டு கண்ணும் திறந்திருக்கும்போதே நடந்தது. பேய்க் கதை சொல்கிறவர்கள் பலரும் கடைசியில் தங்கள் வீரப் பிரதாபத்தில் கொண்டுபோய் நிறுத்துவார்கள். என் கதையில் அதற்கு இடமே இல்லை. இதை நினைத்தால் எனக்குப் பயத்துக்கு முன்னால் வெட்கம்தான் வருகிறது.

எனக்கு ஒரு சலவைக் கடை இருக்கிறது. கீழே துவைக்கும் இயந்திரங்களும் இஸ்திரி அறையும். மூன்றாவது மாடிக்கு மேலே மொட்டை மாடியில் துணி காயப்போடும் கொடிகள். வாடிக்கை ஒரு ஆஸ்பத்திரி, இரண்டு லாட்ஜ். வருவதெல்லாம் வெள்ளை விரிப்புகள். வெயிலையும் காற்றையும் நம்பித்தான் பிழைப்பு. பாதி காய்ந்த விரிப்பில் மழை விழுந்தால் கோடு கோடாகக் கறை படிந்துவிடும். மறுபடி முதலிலிருந்து துவைக்க வேண்டும். அன்றைக்கெல்லாம் என் பக்கத்தில் யாரும் வரமாட்டார்கள். எனக்கு வாய் கொஞ்சம் நீளம். கொஞ்சம் என்ன, நிறையவே நீளம்.

"புலம்பாதக்கா. வீட்டு வெதர் ஸ்டேஷன்னு ஒண்ணு விக்கிது. வாங்கி மாட்டிடலாம்" என்றான் தம்பி. அவன் ஏசி மெக்கானிக். போனில் மூன்று படம் காட்டினான். ஒன்று ஜன்னலில் வைக்கிற சின்னப் பெட்டி, வெப்பமும் ஈரப்பதமும் மட்டும் சொல்லும். இன்னொன்று சூரிய ஒளி வரைக்கும் அளந்து போனுக்கே அனுப்பும். நான் அந்தப் பெரியதில் கண் வைத்தேன்.

"வெயிலோட ஜாதகம் உனக்கு எதுக்கு? காத்து, ஈரம், மழை. துணி காய இந்த மூணும் தெரிஞ்சா போதும்" என்று சொல்லி நடுவில் இருந்ததை வாங்க வைத்தான்.

வாங்கியது பெரிதில்லை, அதை வைக்க இடம் தேடியதுதான் பெரும்பாடு. சுவரோரம் வைத்தால் சுவரின் சூட்டையும் சேர்த்துச் சொல்லும். தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் வைத்தால் காற்று படாது. எங்கள் நீராவிக் குழாய் பக்கம் வைத்தால் நாள் முழுக்க ஈரம் ஈரம் என்று உயிரை வாங்கும். கடைசியில் மாடியின் நட்டநடுவில் ஒரு இரும்புக் கம்பம் நட்டு, மட்டம் பார்த்து முடுக்கினான். உச்சியில் காற்றுக்குச் சுழலும் மூன்று கிண்ணங்கள். என் தோள் உயரத்தில் மழையைப் பிடிக்கும் புனல். அதற்குள்ளே, பூங்காவில் பிள்ளைகள் ஏறி இறங்கி ஆடும் பலகை போல ஒரு குட்டித் தகடு. கொஞ்சம் தண்ணீர் சேர்ந்ததும் 'டக்' என்று சாய்ந்து கொட்டிவிடும். ஒரு சாய்வுக்கு 0.2 மில்லிமீட்டர் மழை. கம்பி ஏதும் இல்லாமலே அந்தக் கணக்கு இஸ்திரி அறையில் இருக்கும் திரைக்கு வந்துவிடும். முதல் சாய்வுக்கே திரை 'பீப்... பீப்...' என்று கத்தும்.

மாடி முழுக்கக் கொடியக்காவின் பொறுப்பு. கொடி கட்டுவது, விரிப்பது, புரட்டிப் போடுவது, மடிப்பது எல்லாம் அவர்தான். அதனால்தான் அந்தப் பெயர். என்னைவிடப் பத்து வயது மூத்தவர். நான் அக்கா என்பேன், 'நீங்க' என்பேன். அவர் வீட்டுக்காரர் கீழே விழுந்து இடுப்பை உடைத்துக்கொண்டு படுத்த படுக்கையாகக் கிடக்கிறார். இந்த வேலையை விட்டால் அந்த வீட்டில் அடுப்பு எரியாது. இது எனக்கு நன்றாகத் தெரியும். தெரிந்துதான் செய்தேன் என்பதுதான் விஷயமே.

முதல் வாரம் இரண்டு நிஜ மழையிலிருந்து விரிப்புகளைக் காப்பாற்றினோம். எனக்குத் தலைகால் புரியவில்லை. கடைக்கு வந்தவர்களையெல்லாம் கூப்பிட்டுத் திரையைக் காட்டினேன்.

அடுத்த திங்கட்கிழமை. மாலை 4.10. பீப்... பீப்...

மழை 0.2. காற்று 0.

வெளியே கண் கூசும் வெயில். கொடியக்கா பாதி காய்ந்த விரிப்புகளை அள்ளிக்கொண்டு மூச்சிரைக்க இறங்கி வந்தார். வானத்தில் ஒரு மேகம் இல்லை.

செவ்வாயும் அதே. கொடியில் தொங்கும் துணி சொட்டியிருக்கும் என்று அந்தக் கொடியையே அவிழ்த்து ஓரமாகக் கட்டச் சொன்னேன். புதன்கிழமையும் பீப். மூன்று நாளும் நான் திரைக்கு முன்னால்தான் நின்றேன். பக்கத்தில் இஸ்திரி அண்ணன் பெட்டி தேய்த்துக்கொண்டிருந்தார். மேலே இருந்தது ஒரே ஆள்.

ஆஸ்பத்திரிக்கு மூன்று நாளாக விரிப்பு தாமதம். போனில் வாங்கிக் கட்டிக்கொண்டேன். எனக்குள் ஒரு புழு நெளிய ஆரம்பித்தது. கருவி வந்ததிலிருந்து அக்கா முகம் சரியில்லையே... இது இருந்தால் தன் வேலை போய்விடும் என்று நினைக்கிறாரோ... வேண்டுமென்றே தண்ணீர் ஊற்றி அதன் மூக்கை உடைக்கப் பார்க்கிறாரோ...

வியாழன் 4.10. பீப்.

படிகளில் பாய்ந்து ஏறினேன். கொடியக்கா கம்பத்திலிருந்து நாலடி தள்ளி நின்றிருந்தார். என்னைப் பார்த்ததும் அவர் முகத்தில் ஈயாடவில்லை.

"நீங்க இப்பத்தானேம்மா..." என்று ஆரம்பித்தார்.

நான் முடிக்க விடவில்லை. புனலைப் பார்த்தேன். உள்ளே ஈரம். சுற்றிலும் தரை காய்ந்து கிடந்தது. தொட்டி மேல் ஒரு பிளாஸ்டிக் குவளை. எனக்கு அது போதுமாயிருந்தது.

"எத்தனை நாளா இந்த வேலை நடக்குது? சொல்லு!"

'சொல்லு' என்றேன். நீங்க போய் நீ ஆகிவிட்டது. அக்காவும் போய்விட்டது.

"நான் ஊத்தலம்மா."

"அப்போ யாரு ஊத்துனா? நானா?"

அவர் என்னையே பார்த்தார். அந்தப் பார்வையை நான் திமிர் என்று நினைத்தேன். படிக்கட்டில் நிறுத்தி, கீழே இருந்தவர்கள் காதில் விழ, நாக்கில் நரம்பில்லாமல் பேசினேன். சோறு போடுகிற இடத்துக்கே துரோகம் என்றேன். வீட்டில் கிடக்கிறவரையும் இழுத்துப் பேசினேன். என்ன பேசினேன் என்று இங்கே எழுத எனக்குக் கை வரவில்லை.

கொடியக்கா தன் நீல ஏப்ரனை அவிழ்த்தார். நாலாக மடித்து என் கையில் கொடுத்தார். போய்விட்டார். இஸ்திரி அண்ணன் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

வெள்ளிக்கிழமை நானே காயவைத்தேன். நாலு மணி வந்தது, போனது. பீப் இல்லை. பார்த்தாயா, ஆள் போனதும் மழையும் போய்விட்டது என்று எனக்கு நானே சபாஷ் போட்டுக்கொண்டேன். ஐந்தரைக்கு எல்லா விரிப்பையும் இறக்கினேன். மாடிக் கதவைப் பூட்டிச் சாவியை ஏப்ரன் பையில் போட்டுக்கொண்டேன். இஸ்திரி அண்ணன் கிளம்பினார். நான் மட்டும்.

6.40. இருட்டத் தொடங்கும் நேரம்.

பீப்...

நிமிர்ந்தேன். மழை 0.2.

பீப்... 0.4.

காற்று 0. தெருவில் மழை இல்லை. கதவு பூட்டியிருக்கிறது. சாவி என்னிடம்.

உண்மையைச் சொல்கிறேன், அப்போது எனக்குப் பேய் நினைப்பே வரவில்லை. வந்த பயம் வேறு. மேலே யாரும் இல்லையென்றால்... கொடியக்கா ஊற்றவில்லை. திருடனோ, பக்கத்துக் கட்டடத்துப் பையனோ, யாராவது ஒருவர் மேலே இருந்துவிட வேண்டும் என்று வேண்டிக்கொண்டேதான் படியேறினேன்.

பூட்டு பூட்டியபடி இருந்தது. திறந்தேன்.

யாரும் இல்லை.

கொடிகள் காலியாக இருந்தன. வானம் சுத்தமாக இருந்தது.

டக்.

கம்பத்தின் பக்கம் போனேன். கிண்ணங்கள் அசையவில்லை.

டக்... டக்...

தகட்டுக்குத்தான் ஏதோ கோளாறு என்று நினைத்து, புனலின் வாயை உள்ளங்கையால் மூடினேன்.

புறங்கையில் ஒரு சொட்டு விழுந்தது.

அண்ணாந்து பார்த்தேன். மேலே ஒன்றுமே இல்லை.

இன்னொரு சொட்டு. சில்லென்று. விரலிடுக்கில் இறங்கி உள்ளே போனது. மோந்து பார்த்தேன். எங்கள் கடைச் சலவைத் தூள் வாசனை.

டக்.

அப்போதுதான் அந்தச் சத்தம். கிரீச்... கிரீச்... ஈர விரிப்பை முறுக்கிப் பிழியும் சத்தம். இருபது வருடமாகக் கேட்கும் சத்தம். அதில் எனக்குத் தப்பு வராது.

என் தோளுக்குப் பின்னால்.

பிழிகிறவர்கள் பல்லைக் கடித்துக்கொண்டு ஒரு 'ம்ம்' போடுவார்கள். அதுவும் கேட்டது.

பெண் குரல். பழகிய குரல்.

கை முழுக்க நனைந்துவிட்டது.

நான் திரும்பவில்லை.

திரும்ப முடியவில்லை...

எப்படி இறங்கினேன் என்று தெரியாது. தம்பிக்குப் போன் போட்டேன். ஏழு மணிக்கு வந்தான். டார்ச்சோடு மேலே போய்க் கருவியைக் கழற்றிக் கொண்டுவந்து இஸ்திரி மேசைமேல் பிரித்துப் போட்டான். நான் அவன் பக்கத்தைவிட்டு நகரவில்லை. பத்து மணி வரைக்கும் இருவரும் அங்கேதான் இருந்தோம். இதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

"பேட்டரி சரி. தகடு சரி. இது மேல ஒரு தப்பும் இல்லக்கா."

"அப்போ கொடியக்கா?"

அவன் திருகாணியைக் கீழே வைத்தான்.

"அதை என்கிட்ட ஏன் கேக்குற? இப்பவே போய் அவங்க கால்ல விழு."

நான் போகவில்லை. ராத்திரி எட்டு மணிக்கு வேலைக்காரி வீட்டு வாசலில் நான் போய் நிற்பதா என்று உள்ளே ஏதோ ஒன்று முரண்டு பிடித்தது. பேய் பிடித்து உலுக்கிய பிறகும் என் கௌரவம் மட்டும் அசையாமல் உட்கார்ந்திருந்தது. காலையில் போகிறேன் என்றேன்.

ராத்திரி முழுக்கத் தூக்கமில்லை. என்ன சொல்லலாம் என்று ஒத்திகை பார்த்தேன். 'தப்பா நினைச்சுட்டேன் அக்கா' என்று தொடங்கலாம். இல்லை, கருவியில் கோளாறு என்று சொல்லிவிட்டால் கொஞ்சம் குனிந்தால் போதும். அப்படியெல்லாம்கூடக் கணக்குப் போட்டேன். மனுஷிதானா நான் என்று இப்போது கேட்கத் தோன்றுகிறது.

காலை ஏழரைக்குக் கொடியக்கா வீட்டுக் கதவைத் தட்டினேன். முகத்தில் அறைந்தாற்போல் சாத்துவார் என்று எதிர்பார்த்தேன். திறந்தார். சிரித்தார்.

"என்னம்மா, மறுபடியும் வந்துட்டீங்க? அதான் நேத்தே எல்லாம் பேசி முடிச்சாச்சே."

"நேத்தா?"

"ஆமா. எட்டு மணி இருக்கும். சொட்டச் சொட்ட நனைஞ்சு வந்து நின்னீங்களே. எங்க தெருவுல மழையே இல்ல. எங்க போய் நனைஞ்சீங்கன்னு கேட்டேன், பதிலே சொல்லல. உள்ள வாங்கன்னு எவ்வளவோ கூப்பிட்டேன். வாசப்படியிலயே நின்னு அழுதீங்க."

நிலைக்கதவைப் பிடித்துக்கொண்டேன்.

உள்ளேயிருந்து அவர் வீட்டுக்காரர் குரல் கொடுத்தார்: "யாரு, ராத்திரி வந்த அம்மாவா? காய்ச்சல் கீய்ச்சல் வரலையேன்னு கேளு."

கொடியக்கா என் பக்கம் குனிந்து குரலைத் தாழ்த்தினார்.

"நாலு நாளும் நான் பார்த்துட்டுத்தாம்மா இருந்தேன். ஏப்ரனோட வருவீங்க. ஈரத் துணியைப் புனல்ல பிழிவீங்க. ஒரு வார்த்தை பேசாம போயிடுவீங்க. முதலாளியே செய்யறப்போ நான் யாருகிட்ட போய்ச் சொல்றது? என்னை அனுப்ப வழி தேடுறீங்கன்னு நினைச்சேன். மனசு விட்டுப்போச்சு. ஆனா நேத்து நீங்களே ஒத்துக்கிட்டீங்களே... 'நான்தான் பண்ணேன், பழியையும் உங்க மேல போட்டேன், மன்னிச்சிடுங்க அக்கா'ன்னு கையைப் பிடிச்சு அப்படி அழுதீங்க. அதுக்கு மேல என்னம்மா இருக்கு? மன்னிச்சாச்சு. திங்கக்கிழமை வேலைக்கு வர்றேன்."

நான் வரவில்லை, அது நானில்லை என்று சொல்ல வாயெடுத்தேன். சொன்னால் என்ன ஆகும்? அந்த அக்காவை இரண்டாவது முறையும் பொய்க்காரி ஆக்க வேண்டும். ராத்திரி முழுக்க ஒத்திகை பார்த்த மன்னிப்பையும் கேட்கவில்லை. தலையை மட்டும் ஆட்டினேன். கிளம்பத் திரும்பினேன்.

"அம்மா, ஒண்ணு கேக்கணும்" என்றார்.

நின்றேன்.

"போகும்போது என்னமோ சொன்னீங்களே, எனக்குப் புரியவே இல்ல. 'காலையில ஒருத்தி வருவா. அவளுக்கு மன்னிப்புக் கேக்க வாய் வராது. அவளையும் மன்னிச்சிடுங்க'ன்னு... யாரும்மா அது?"

தெரியாது என்று சொல்லிவிட்டு நடந்தேன்.