மூன்று டன் மாமா

என் அக்கா புருஷன் பதினோரு வருடமாக ஒரு மலைக்குப் புறப்பட்டுக்கொண்டே இருந்தார். புறப்பட்டார் என்று மட்டும் யாராலும் சொல்ல முடியவில்லை. இரண்டுக்கும் நடுவில் ஒரு பிக்கப் வண்டி நின்றது.

கடைத்தெருவில் அவருக்குக் கண்ணாடிக் கடை. வருகிறவன் போகிறவன் மூக்கில் இரும்புச் சட்டத்தை மாட்டி, சில்லை மாற்றி மாற்றிப் போட்டு, "இப்ப தெளிவா இருக்கா, முன்னாடி தெளிவா இருந்துச்சா?" என்று கேட்பதுதான் பகல் முழுக்க வேலை. தொழிலில் குறை சொல்ல மாட்டேன், கை சுத்தமான மனுஷன். ஆனால் ஷட்டரை இழுத்துப் பூட்டிவிட்டு வீட்டுக்கு வந்ததும் ஆளே மாறிவிடுவார். செருப்பைக்கூடக் கழற்றாமல் நேரே ஷெட்டுக்குப் போவார், விளக்கைப் போடுவார், வண்டியைச் சுற்றி இரண்டு சுற்று வருவார். உள்ளே அக்கா தட்டு வைத்துக் காத்திருப்பாள்.

நான் பஸ் டிப்போவில் பிரேக் பார்க்கிறவன். நாற்பது பேரை ஏற்றிக்கொண்டு தினமும் ஓடுகிற வண்டிகள் என் கையில் இருக்கின்றன. அதனால் இந்த விஷயத்தில் எனக்குப் பேச வாய் உண்டு. மாமாவிடமும் பேசித்தான் பார்த்தேன். "எதுக்கும் ஒண்ணு எக்ஸ்ட்ரா இருக்கட்டும் மாப்ள" என்பார். எதற்கும் இதே பதில். டிப்போவில் நாங்கள் அவருக்கு எக்ஸ்ட்ரா என்றே பெயர் வைத்துவிட்டோம்.

வண்டி நல்ல வண்டி. என் வயிற்றெரிச்சலே அதுதான். யாரோ ஒரு தோட்டக்காரர் ஓட்டிய பழைய பிக்கப். நாலு சக்கரமும் இழுக்கும், எஞ்சின் மணி மாதிரி பேசும். வாங்கிய அன்றைக்கே அக்காவை ஏற்றி உட்காரவைத்து ஸ்டார்ட் பண்ணியிருந்தால், சாயங்காலம் மலை உச்சியில் இருந்திருப்பார்கள். மாமா முதலில் டயரை மாற்றினார்.

பெரிய டயர் போட்டதும் அது மட்கார்டில் உரசியது. உரசாமல் இருக்க வண்டியைத் தூக்கினார். தூக்கியதும் அக்காவால் ஏற முடியவில்லை. அக்கா ஏறுவதற்கு இரும்பில் ஒரு படி போட்டார். படி கீழே தொங்கிக் கல்லில் இடிக்கும் என்று இன்னும் கொஞ்சம் தூக்கினார். முன்னால் இரும்புக் கம்பி பம்பர் வைத்தார். அதன் கனத்தில் மூக்கு தொங்கியது, முன்னால் ஸ்பிரிங் மாற்றினார். இப்போது பின்பக்கம் இறங்கித் தெரிந்தது. பின்னால் இரண்டு ஸ்பிரிங் பட்டை அதிகமாகச் சேர்த்தார். சேர்த்ததும் சவாரி கட்டையாகி, வேகத்தடையில் முதுகு உடைந்தது. பட்டையை எடுத்துவிடுவார் என்றுதானே நினைப்பீர்கள்? பாரம் இல்லாததால்தான் தூக்கிப் போடுகிறது என்று சாமான் ஏற்றினார்.

அந்தச் சாமான்களைச் சொன்னால் சிரிப்பீர்கள். சேற்றில் மாட்டினால் இழுக்க வின்ச். கூரைமேல் விரிக்கிற கூடாரம். பின்னால் இழுப்பறை வைத்த இரும்புப் பெட்டி. பிரிட்ஜ், அதை ஓட்ட இன்னொரு பேட்டரி. இரண்டு ஸ்டெப்னி, தண்ணீர் டேங்க், டீசல் கேன்கள். கூரை விளிம்பில் எட்டு விளக்குகள். அதைப் போட்டால் எதிர்வீட்டுக்காரர் ஜன்னலைச் சாத்துவார். வண்டியில் இடம் இல்லாதவை வீட்டுக்குள் வந்தன. கூடத்தில் அட்டைப்பெட்டிகள், படுக்கையறை அலமாரிமேல் சுருட்டிய இழுவைக் கயிறு. என் அக்காவின் பரீட்சைத்தாள்கள் மட்டும் சமையலறை ஜன்னலோரம் ஒடுங்கிக் கிடந்தன.

பராமரிப்பு என்று ஒன்று உண்டு. அது கண்ணுக்குத் தெரியாது, போட்டோவில் விழாது, ஆகவே மாமாவுக்கும் அதற்கும் ஆகாது. வருடத்துக்கு இரண்டு முறை நான் போய்த்தான் படுத்துக்கொண்டு அடியில் நுழைவேன். ஜாயிண்டுக்கு கிரீஸ் அடிப்பேன், பழைய பிரேக் ஆயிலை இறக்குவேன், டீசல் பில்டரில் சேர்ந்த தண்ணீரை வடிப்பேன். வண்டி வேலையில் பாதி, வேண்டாததை எடுத்துப் போடுவதுதான். அவர் குனிந்து, "மாப்ள, அங்க ஒரு விளக்கு வைக்க இடம் இருக்கா பாரு" என்பார். ஸ்பேனரால் ஒன்று போடலாமா என்று வரும். அக்காவுக்காக அடக்கிக்கொள்வேன்.

ஞாயிற்றுக்கிழமைகளில் இவரைப்போல ஆறு பேர் ஒரு பெரிய கடையின் சிமெண்ட் வாகன நிறுத்தத்தில் கூடுவார்கள். பானட்டைத் திறந்து வைத்துக்கொண்டு நதி, காடு, பாலைவனம் என்று அளப்பார்கள். ஆறு வண்டியிலும் சேறு பட்ட வண்டி ஒன்றுகூடக் கிடையாது. ஒருமுறை வீடு கட்டுகிற இடம் வழியாக வந்து மாமாவின் வண்டியில் கொஞ்சம் சேறு தெறித்துவிட்டது. மூன்று வாரம் கழுவாமல் வைத்திருந்தார்.

இனி அக்கா விஷயத்துக்கு வருகிறேன். என்னைவிட எட்டு வயது மூத்தவள். பள்ளிக்கூடத்தில் புவியியல் டீச்சர். அவிந்துபோன எரிமலையின் வாயில் தண்ணீர் தேங்கி ஏரியாவதைப் பற்றி ஒரு பாடம் உண்டு. வருடா வருடம் கரும்பலகையில் அந்த ஏரியை வரைந்து அம்புக்குறி போட்டு விளக்குவாள். எங்கள் ஊரிலிருந்து நாலு மணி நேரப் பயணத்தில் அப்படி ஒரு ஏரி நிஜமாகவே இருக்கிறது. ஒரு வருடம் ஒரு பெண் எழுந்து, "டீச்சர், நீங்க பாத்திருக்கீங்களா?" என்று கேட்டிருக்கிறாள். அக்கா, "பாத்திருக்கேனே" என்று சொல்லிவிட்டாள். வாய் தவறி வந்த பொய். அதிலிருந்து ஒவ்வொரு வருடமும் அந்தப் பாடம் எடுக்கும்போது தனக்குக் காது சுடுகிறது என்று என்னிடம் மட்டும் சொன்னாள்.

மலை அடிவாரத்து வாசல்வரை பஸ் போகும். அதற்கு மேல் பன்னிரண்டு கிலோமீட்டர் மண் பாதை, சொந்த வண்டி வேண்டும். சிநேகிதன் ஜீப்பில் நான் கூட்டிப்போகிறேன் என்று எத்தனையோ தடவை கூப்பிட்டேன். மாமாவுக்கு முகம் சுருங்கிவிடும். "நம்ம வண்டி இருக்கறப்ப அடுத்தவன் வண்டி எதுக்கு? இந்த ஒரு வேலை முடியட்டும்" என்பார். அக்காவும் புருஷன் மனம் கோணக் கூடாதென்று இருந்துவிடுவாள். இந்த வருடம் அவளுக்கு ஓய்வு. அந்தப் பாடம் வருகிற திங்கட்கிழமை, கடைசித் தடவையாக. இதை அவள் சாப்பாட்டு நேரத்தில் சொல்லிவிட்டு அழுதிருக்கிறாள். சனிக்கிழமை போவதென்று முடிவானது.

என்னையும் கூப்பிட்டார்கள். காலை ஆறு மணிக்குப் புறப்பட்டோம். மாமா ஓட்ட, அக்கா முன்னால், நான் பின்சீட்டில் கூடாரக் கம்பிகளோடு. நாலு மணி நேரப் பாதைக்கு ஐந்தரை மணி நேரம் ஆனது. வண்டி ஏற்றத்தில் முனகியது. அக்கா வழி நெடுக, அந்தப் பாறை இன்ன பாறை, இந்த மண் ஏன் சிவப்பு என்று சொல்லிக்கொண்டே வந்தாள். இத்தனை சந்தோஷமாக அவளைப் பார்த்து எத்தனை வருடமோ ஆகிவிட்டது.

மலைவாசலில் ஒரு எடை மேடை இருந்தது. மேலே பாதை முழுக்கச் சொதசொதப்பு நிலமாம், கனத்த வண்டி போனால் உள்வாங்கிவிடுமாம். ஆளோடு சேர்த்து மூன்று டன்னுக்கு மேல் விடமாட்டார்கள். வாசல்காரர் மேடையில் ஏறச் சொன்னார். கண்ணாடிப் பெட்டிக்குள் எண் ஓடி நின்றது. மூவாயிரத்து இருநூற்றுப் பத்து.

"இருநூத்திப் பத்து கிலோ ஜாஸ்தி சார். எதையாவது இறக்கி வச்சுட்டுப் போங்க. நான் பாத்துக்கறேன்."

"தண்ணியைக் கொட்டிடலாம் மாமா" என்றேன்.

"தண்ணி இல்லாம மேல போறதா?"

"ஏரிக்குப் போறோம் மாமா."

அவர் காதில் வாங்கவில்லை. பிரிட்ஜ்? அதில் மருந்துப்பெட்டி இருக்கிறது. வின்ச்? மாட்டிக்கொண்டால் யார் இழுப்பது? இரண்டாவது ஸ்டெப்னி? முதலாவது வெடித்தால்? ஒவ்வொன்றையும் தொட்டுத் தொட்டுப் பார்த்துவிட்டுக் கடைசியில் என்னைப் பார்த்தார்.

"மாப்ள, தப்பா நினைச்சுக்காத. நீ கொஞ்சம் இறங்கிக்கறியா?"

இறங்கினேன். எழுபத்து நாலு கிலோ குறைந்தது. இன்னும் நூற்று முப்பத்தாறு. மாமா ஸ்டியரிங்கைப் பிடித்தபடி நேரே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, பக்கத்தில் உட்கார்ந்திருந்த என் அக்காவிடம் சொன்னார்.

"நீ இங்க ரூம்ல உக்காந்திரு. நான் மேல போய் ரூட் எப்படின்னு பாத்துட்டு வந்துடறேன். அப்புறமா யோசிப்போம்."

எனக்குக் கோபம் தலைக்கு ஏறியது. ஐம்பத்தெட்டு கிலோ அக்காவை இறக்கிவிட்டு, நாற்பது கிலோ பிரிட்ஜை மலைக்குக் கூட்டிப்போகிறார் இந்த மனுஷன்! யாருக்காக இந்த வண்டி? யாருக்காக இந்தப் பதினோரு வருடம்? வாயைத் திறந்தேன். அக்கா கையைக் காட்டி என்னை நிறுத்தினாள். கைப்பையை எடுத்துக்கொண்டு, அவளுக்காகப் போட்ட அந்த இரும்புப் படியில் கால்வைத்து நிதானமாக இறங்கினாள்.

வாசல்காரர் மறுபடி எண்ணைப் பார்த்துத் தலையைச் சொறிந்தார்.

"இன்னும் எழுபத்தெட்டு இருக்கு சார். நீங்க எத்தனை கிலோ?"

"எண்பத்தெட்டு."

"அப்ப நீங்களும் இறங்கிட்டா பத்து கிலோ மிச்சம் வருது. வண்டி மட்டும் தாராளமாப் போகலாம்."

அவர் கிண்டலாகச் சொல்லவில்லை, கணக்கைத்தான் சொன்னார். நான் சிரித்த சிரிப்பில் எனக்கே புரையேறியது.

அந்தச் சமயத்தில் பின்னால் ஹாரன் அடித்தது. மேலே இருக்கிற தங்கும் விடுதிக்குச் சலவைத் துணி கொண்டுபோகிற சின்ன வேன். டயரில் பூவெல்லாம் தேய்ந்து வழுவழுவென்று இருந்தது. ஓட்டி வந்த அம்மா இறங்கி, என்ன ஏது என்று விசாரித்தாள். அக்கா சொன்னாள். "முன்னாடி ஒரு சீட் காலியாத்தான் இருக்கு. வாங்கக்கா, நாலு மணிக்குத் திரும்பிடுவேன்" என்றாள் அவள். அக்கா மாமாவைத் திரும்பிப் பார்க்கவில்லை. ஏறிக்கொண்டாள். வேன் எங்கள் மூன்று டன்னை ஒதுங்கிச் சுற்றிக்கொண்டு மேலே போனது.

மாமாவுக்கு அப்போதுதான் உறைத்தது. டூல் பெட்டியைத் திறந்தார். பரிதாபமாகத்தான் இருந்தது, இருந்தாலும் உதவினேன். கூடாரத்தைக் கழற்றினோம். இழுப்பறைப் பெட்டியை இறக்கினோம். பம்பர், வின்ச், ஸ்டெப்னி, பிரிட்ஜ், கேன்கள் எல்லாம் வாசல்காரரின் அறைச் சுவரோரம் வரிசையாக வந்து உட்கார்ந்தன. போல்ட்டில் துரு ஏறி, இரண்டை அறுத்துத்தான் எடுக்க வேண்டியிருந்தது. மூன்றரைக்கு வண்டி பார்க்க அழகாக இருந்தது. சத்தியமாகச் சொல்கிறேன், பதினோரு வருடத்தில் அன்றைக்குத்தான் அது வண்டி மாதிரி இருந்தது.

நாலு மணிக்கு வேன் வந்தது. அக்கா இறங்கினாள். முழங்கால்வரை புடவை ஈரம், காலில் கறுப்பு மண். நேரே என்னிடம் வந்தாள்.

"தம்பி, அது வட்டமா இல்லடா! ஒரு பக்கம் உடைஞ்சு தண்ணி வெளிய ஓடுது. இத்தனை வருஷமா வட்டமா வரைஞ்சு சொல்லிக் குடுத்திருக்கேன். திங்கக்கிழமை போய்த் திருத்தணும். போன வருஷப் பசங்களுக்கு எப்படிச் சொல்றதுன்னுதான் தெரியல."

மாமா கையைத் துடைத்துக்கொண்டு வந்தார். "வா, எல்லாத்தையும் கழட்டிட்டேன். ஆறு மணி வரைக்கும் விடறாங்களாம். இப்ப நம்ம மூணு பேரும் போகலாம்."

அக்கா வண்டியைப் பார்த்தாள். சுவரோரம் கிடந்த சாமான்களைப் பார்த்தாள்.

"நான் பாத்துட்டேங்க" என்றாள். "நீங்க போய்ப் பாருங்க. நல்லா இருக்கு." கோபமாகச் சொல்லியிருந்தால் அவர் தப்பித்திருப்பார். பக்கத்து வீட்டுக்காரரிடம் சொல்வதுபோல் மரியாதையாகச் சொன்னாள்.

ஐந்து மணிக்கு அடிவாரத்து பஸ். அக்காவும் நானும் அதில் போவதென்று அவளே முடிவு செய்துவிட்டாள். வாசல்காரர் தடுப்புக் கம்பைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, "சார், பாதை காலியா இருக்கு, போய்ட்டு வாங்க" என்று கூப்பிட்டார். பதினோரு வருடம் காத்திருந்த பாதை. வண்டி லேசாக இருந்தது, டீசல் இருந்தது, வெளிச்சம் இருந்தது.

மாமா பாதையைப் பார்த்தார். பிறகு வெறுமையாக இருந்த கூரையைப் பார்த்தார்.

"இதெல்லாம் இல்லாம எப்படிங்க மேல போறது?" என்றார்.

பஸ் ஜன்னல் வழியாகப் பார்த்தோம். அவர் குனிந்து பம்பரை எடுத்து மறுபடி மாட்டிக்கொண்டிருந்தார். அக்கா ஜன்னல் கண்ணாடியை இழுத்து மூடினாள்.